பொறுத்து நட, விடாமல் நட

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரங்களில் ஆட்கள் வருவார்கள். சலரோகத்தால் கால் எடுபட்டவர், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டவர், கண்ணிவெடியில் போன காலுக்கு மாட்டிய பொய்க்கால் தேய்ந்து, இனிப் புதுக்கால் போடப் போகிறவர் என்று பலவிதம். "ஐயா, உங்களுக்கு மனத்திடம் இருக்கு, எங்களுக்கு அது இல்லை" என்றுதான் அநேகமான பேர் கதையைத் தொடங்குவார்கள்.

சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவன் நான். அந்தக் காலோடுதான் படித்தேன், துறைமுகப் பக்கம் எழுத்துவேலை பார்த்தேன், பிள்ளைகளை வளர்த்தேன். ஊராருக்கு இல்லாத மனத்திடம் எனக்கு மட்டும் வாய்த்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எதில் பிடிவாதமாக நிற்க வேண்டும், எதில் உடம்பின் சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது போகப்போகப் பிடிபட்டது. அதைத்தான் இங்கே இலக்கமிட்டு எழுதுகிறேன். வைத்தியரும் இயன்மருத்துவரும் சொல்வதற்கு மேலாக இதில் வைத்தியம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்து முடிப்பது என்பதற்கான வழி இது.

1. சபதம் எடுக்காதீர்கள், நேரம் குறியுங்கள்

"அடுத்த திருவிழாவுக்கு நடந்தே கோணேசர் கோயிலுக்கு ஏறுவேன்" என்று கட்டிலில் கிடந்தபடி சபதம் எடுப்பது சுகம். மூன்றாம் நாள் மழை பெய்யும், நாலாம் நாள் தடிமல் வரும், சபதம் போய்விடும். அதற்குப் பதிலாக, காலைத் தேத்தண்ணீர் குடித்து கோப்பையை வைத்த கையோடு கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைத்த, அசையாத கதிரையாகப் பார்த்து, அதன் முதுகைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கதிரையின் முன்நுனிக்கு நகர்ந்து இருங்கள். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வருமளவுக்கு முன்னே குனிந்து எழும்புங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெல்ல மெல்ல இறங்குங்கள். அந்த இறக்கமும் தொடைக்கு நல்ல வேலை கொடுக்கும். பத்து முடியாவிட்டால் மூன்று. மூன்றும் தேத்தண்ணீரோடு ஒட்டியே நடக்க வேண்டும். மனம் வந்தால் செய்வேன் என்று விட்டால் மனம் வராது. செய்யத் தொடங்கினால் பின்னாலே வரும்.

2. கட்டிலுக்குப் பயப்படுங்கள்

நோய்க்கு ஓய்வு தேவைதான். ஆனால் படுத்த படுக்கையில் ஒரு கிழமை கிடந்தாலே தொடைத் தசை மெலியத் தொடங்கும். வயது போனவர்களுக்கு அது இன்னும் கெதியாக நடக்கும். இழக்க ஒரு கிழமை, மீட்க ஒரு மாதம் என்ற கணக்கை மனதில் வையுங்கள்.

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நோவுக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கக் கூடாது. வீட்டார் அன்பில் செய்வது அது. மடித்தபடியே கிடந்த மூட்டு மடிந்தபடியே இறுகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல பொய்க்கால் வந்தாலும் நேராக நிற்க வராது. வைத்தியர் சம்மதித்தால் நாளில் சில தரம் கொஞ்ச நேரம் குப்புறப் படுங்கள், இடுப்பும் நிமிரும். தலையணையை எடுத்து அப்பால் வைக்கத்தான் முதல் கிழமையில் மனத்திடம் வேண்டும்.

3. நோவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்

பாவிக்காத தசையைப் பாவித்தால் அது நோகும், கனக்கும், மறுநாள் தணியும். அந்த நோவுக்குப் பயப்படத் தேவையில்லை. குத்துகிற நோவு, ஒரே புள்ளியில் எரிகிற நோவு, மூட்டு வீங்கிச் சூடேறும் நோவு, மூச்சு முட்டி நெஞ்சை அடைப்பது எல்லாம் வேறு வகை. அந்த இடத்தில் நிறுத்துங்கள். நெஞ்சு அடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இயன்மருத்துவர்கள் சொல்லித்தரும் எளிய அளவு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் மூட்டு நோவு முன்னிருந்ததை விடக் கூடி நின்றால், இன்று செய்தது அதிகம். நாளைக்குக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா நோவையும் தாண்டுவேன் என்பவர்கள் இரண்டாம் மாதம் பயிற்சியை விட்டிருப்பார்கள்.

4. ஒவ்வொரு இரவும் தோலைப் பாருங்கள்

சலரோகம் உள்ள பலரின் பாதத்தில் நரம்பு மரத்துப்போயிருக்கும். முள் ஏறினாலும் தெரியாது. நோகவில்லை என்பதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். ஒரு கைக்கண்ணாடியை நிலத்தில் வைத்து, அதன்மேல் காலைப் பிடித்து, அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பொய்க்கால் போடுகிறவர்கள் அதைக் கழற்றியவுடன் பாருங்கள். சிவந்த தடம் பத்து இருபது நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் பொய்க்கால் அந்த இடத்தில் கடிக்கிறது என்று அர்த்தம். செய்துதந்தவரிடம் கொண்டுபோய்த் திருத்துங்கள்.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சிக்குப் பக்கத்தில் பஸ் விபத்தில் அடிபட்டார். கவனிக்கப்படாமல் விட்ட காயம் அழுகியதால்தான் அவருடைய வலது காலை எடுக்க வேண்டி வந்தது. ஜெய்ப்பூர் கால் என்ற பொய்க்காலை மாட்டி 1984இல் மீண்டும் மேடை ஏறினார். சனம் மேடையேறியதை மட்டுமே பேசும். நீங்கள் முன்பாதியையும் நினைவில் வையுங்கள்.

5. விழுந்த கையை ஒதுக்கி வைக்காதீர்கள்

பாரிசவாதத்தில் கை கெட்டுப்போவதில்லை. அதை ஆட்டுவிக்கும் மூளையின் பகுதிதான் அடிபடுகிறது. திரும்பத் திரும்பச் செய்யும்போது, பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் படிப்படியாகப் பழகிக்கொள்கின்றன. ஆனால் நல்ல கை எல்லாவற்றையும் கெதியாகச் செய்துவிடுவதால், மற்றக் கைக்கு வேலையே கிடைப்பதில்லை. பாவிக்காததாலேயே அது இன்னும் பின்வாங்கும். சோப்பைப் பிடிக்க, துவாயை மடிக்க, கோப்பையை அசையாமல் தாங்க என்று அதற்கும் ஒவ்வொரு வேலை கொடுங்கள். கோப்பை விழுந்து உடைந்தால் உடையட்டும், தகரக் கோப்பை வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டாருக்கு ஒரு சொல்: எழுப்பி விடும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு சுலபமாக விலகிவிடும். இடுப்பிலோ முதுகிலோ கை கொடுத்து எழுப்புங்கள்.

6. இல்லாத கால் நோகும், அது பைத்தியமல்ல

எடுத்த காலின் பெருவிரல் கடிக்கிறது, பாதம் முறுக்குகிறது என்று சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். காலை எடுத்தாலும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. நோவு அங்கே எழுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆய்வாளரான வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியை வைத்து வழி காட்டினார். இரண்டு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டு, நல்ல காலை மெல்ல விரித்து மடக்க வேண்டும். முறுக்கியிருந்த பாதம் விரிகிறதென்று மூளை பல பேரில் ஏற்றுக்கொள்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். செலவில்லாத வழி, இயன்மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

7. தடிக்கும் பொய்க்காலுக்கும் வெட்கப்படாதீர்கள்

தடி பிடித்தால் கிழவன் என்று சொல்வார்கள் என்று, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து விழுந்து இடுப்பை உடைத்தவர்கள் உண்டு. தடியைப் பலமுள்ள பக்கத்துக் கையில் பிடியுங்கள். பலவீனமான காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போதும் இந்த ஒழுங்குதான், எங்கள் வீட்டு வாசற்படியிலும் இதுதான்.

ஜெய்ப்பூர் கால் எப்படி வந்தது என்று தெரிந்தால் பொய்க்கால் மேல் உங்களுக்கு மரியாதை வரும். மேல்நாட்டுப் பொய்க்கால் சப்பாத்துக்குள் போடச் செய்தது. அதைப் போட்டுக் குந்தி இருக்கவோ, வெறுங்காலோடு கோயிலுக்குள் போகவோ, வயல் சேற்றில் இறங்கவோ முடியாது. ஜெய்ப்பூரில் வைத்தியர் பி. கே. சேத்தியும், அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் கடைசியில் இறப்பரில் பாதம் செய்து, எங்களைப் போன்றவர்களின் நடைக்கு அதைப் பொருத்தினார்கள். போர்க்காலத்தில் வடக்கில் எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் எழுப்பி நடக்க வைத்தது. கருவியைச் சீர் செய்தது மனித அறிவு. அதைப் பாவிப்பதில் என்ன குறைச்சல்?

8. தண்ணீரைத் துணையாக்குங்கள், அதோடு விளையாடாதீர்கள்

கழுத்தளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் பாரத்தில் மிகப் பெரும் பகுதியைத் தண்ணீர் தாங்கும். நிலத்தில் எழும்பாத கால் அங்கே எழும்பும். இதைத் திருகோணமலைக் கடலோடு சேர்த்துச் சொல்ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை விட நல்ல ஆள் இல்லை. 1956இல் இலங்கைக்கு வந்தவர், நண்பர் மைக் வில்சனோடு சேர்ந்து, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை அடிவாரத்தில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த அந்தக் கோயிலின் தூண்களைக் கண்டார். 1962இல் அவரை முடக்கிய நோய் போலியோ என்று பிறகு தெரியவந்தது. அதற்குப் பிறகும் அவர் கடலுக்குள் இறங்கினார். தரையில் தடுமாறுகிற உடம்பு தண்ணீருக்குள் மற்றவர்களுடையதைப் போலவே இயங்கியது. மேற்கு வங்கத்தின் மசூதுர் ரகுமான் வைத்யா, இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே இல்லாமல், 1997இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார்.

நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை உப்புவெளிக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அப்போது துணைக்கு ஒருவரோடு இடுப்பளவில் நில்லுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடலில் கால் வைக்காதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள், மரத்த காலில் வாளித் தண்ணீரை ஊற்றுமுன் முழங்கையால் சூடு பாருங்கள். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றல்ல.

9. பலத்தை எண்ணிச் செலவழியுங்கள்

முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் போட்டு நடப்பவருக்கு, அதே தூரத்துக்கு மற்றவரை விட ஏறக்குறைய கால்வாசி கூடுதல் பலம் செலவாகும். முழங்காலுக்கு மேல் என்றால் பாதிக்கும் மேலே கூடும். ஆகவே நீங்கள் கெதியில் களைப்பது சோம்பல் இல்லை.

போலியோக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. போலியோ பல நரம்புக் கலங்களைக் கொன்றுவிடும். மிஞ்சியவை புதுக் கிளை விட்டு, அனாதையான தசை இழைகளையும் பொறுப்பெடுக்கும். மூன்று பேரின் சுமையை ஒரு நாட்டாமை தூக்குவது மாதிரி. பத்து, இருபது, முப்பது வருடம் தூக்கிவிட்டு ஒருநாள் அவன் களைப்பான். நன்றாக நடந்துகொண்டிருந்த கால் திரும்பவும் பலம் இழக்கும். கிளார்க்குக்கு 1988இல் வைத்தியர்கள் கண்டது இதைத்தான். என் இடது காலிலும் பின்னாளில் நடந்தது இதுதான். இன்னும் கூட முயற்சி செய் என்பது இந்த நிலைக்குப் பிழையான மருந்து. வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, களைக்குமுன் இருந்து, ஆறி எழும்ப வேண்டும். கிளார்க் கொழும்பு ஓட்டர்ஸ் கழகத்தில் மேசைப்பந்து விளையாடுவார், நிற்பதற்கு அந்த மேசையையே சாய்வாகப் பிடித்துக்கொள்வார். விளையாட்டை அவர் விடவில்லை, விளையாடும் விதத்தை மாற்றிக்கொண்டார். கீரை ஆய்வதையும் உடுப்புத் தோய்ப்பதையும் கதிரையில் இருந்து செய்கிறவர்களுக்கும் அதே புத்திதான்.

10. எல்லையை முதலே பேசி வையுங்கள்

எங்கள் சனத்தில் மனத்திடத்துக்குப் பெயர் கேட்டால் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரைத்தான் சொல்வார்கள். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் 27 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்த பாக்கு நீரிணையை, ஆனந்தன் 1970களில் போய்த் திரும்பி 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார். ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்று சாதனை வைத்தார். அதே ஆனந்தன் 1984 ஆவணியில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது உயிரை விட்டார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த நெஞ்சுறுதி எனக்கு வராது. ஆனால் உறுதி மிஞ்சிய மனிதனுக்கு உடம்பின் எச்சரிக்கை காதில் விழுவது கடினம். ஆகவே எங்கே நிறுத்துவது என்பதைத் தெம்பாக இருக்கும்போதே, இன்னொருவரோடு பேசி முடிவெடுங்கள். "தலை சுற்றினால், நெஞ்சு அடைத்தால், கால் மடங்கத் தொடங்கினால் நான் என்ன சொன்னாலும் என்னை இருத்து" என்று கூட வருகிறவரிடம் சொல்லி வையுங்கள். சொன்னபடி அவர் இருத்தும்போது கோபப்படாமல் இருங்கள், அதுவும் பயிற்சியில் சேர்த்தி.

11. உதவியைக் கேளுங்கள், பாவப்படுதலை மறுங்கள்

"தம்பி, அந்தக் கதிரையைக் கிட்டப் போடு" என்று கேட்பது உங்கள் வேலையை நீங்கள் செய்வதற்காக. "ஐயோ பாவம், நீங்க இருங்கோ, நான் செய்யுறன்" என்று அவர் பறித்தெடுத்தால் உங்கள் வேலை போய்விடும். வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: சட்டைப் பொத்தானைப் பூட்ட எனக்குப் பத்து நிமிடம் செல்லும், அந்தப் பத்து நிமிடத்தைத் தாருங்கள். குளியலறையில் சுவரோடு ஒரு பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பெரிய விழுகைகள் பல அங்கே நடக்கின்றன.

12. மனம் உடைந்தால் அதற்கும் கிளினிக் உண்டு

பாரிசவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். நித்திரை இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்று இரண்டு கிழமை போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதை மனத்திடம் போதாது என்று உங்கள் தலையில் நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். அது நோயின் பகுதி, அதற்கு மருந்தும் பேச்சுத் துணையும் இருக்கின்றன.

நேர்த்தி வைக்கிறவர்கள் வையுங்கள். எங்கள் பாலையூற்று லூர்து அன்னை கோயிலுக்கு எல்லாச் சமயத்தவரும் நோயோடு வருகிறார்கள். ஆனால் ஒன்றை நினையுங்கள்: 1858இல் பிரான்சின் லூர்தில், நோய் தீர்க்கும் என்று நம்பப்படும் ஊற்றைத் தோண்டிக் காட்டிய பெர்னதெத், தானே ஆயுள் முழுக்க ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டி 35 வயதில் இறந்தவர். சுகம் கிடைக்காததற்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைய பத்துத் தரத்தையும் எழும்பி இருங்கள்.

13. உங்களை உங்களோடே ஒப்பிடுங்கள்

ஒரு கொப்பியில் திகதி போட்டு, எத்தனை தரம் எழும்பினேன், எதுவரை நடந்தேன் என்று எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டாரின் நடையை அதில் எழுதாதீர்கள். போன மாதத்தோடு இந்த மாதத்தைப் பாருங்கள்.

ஒரு காலத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஏறாமல் நிற்கும், வயதோடு சில வேளை இறங்கவும் செய்யும். அப்போதுதான் பலர் கொப்பியை மூடுகிறார்கள். சேலத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் மேலே ஏறியதால் வலது கால் நசுங்கியவர். பராலிம்பிக்கில் உயரம் பாய்கிறார். 2016 ரியோவில் 1.89 மீற்றர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிசில் 1.85, வெண்கலம். எட்டு வருடத்தில் நாலு சென்ரிமீற்றர் குறைந்தது என்றும் சொல்லலாம். மூன்று பராலிம்பிக்கிலும் முதல் மூன்று பேருக்குள் நின்றார் என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரியான கணக்கு. போலியோவோடும் சலரோகத்தோடும் வாழ்கிற எங்களுக்குக் கூட்டுவது ஒரு காலம், இருப்பதைக் காப்பது அதைவிட நீண்ட காலம். காப்பதற்குக் கைதட்ட யாரும் வர மாட்டார்கள். கொப்பியில் நீங்களே சரி போட்டுக்கொள்ளுங்கள்.